இனவாதத்துக்கு எதிரான ராக்

இனவாதத்துக்கு எதிரான ராக் என்பது 1976 ஆம் ஆண்டில் ஐக்கிய இராச்சியத்தில் தோன்றிய ஒரு பண்பாட்டு, அரசியல் இயக்கம் ஆகும். 'ராக் அகெயின்ஸ்ட் ரேசிசம்' என்பது இதன் ஆங்கிலப் பெயர். அன்றாட வாழ்வில் நிலவிய இனவாதத்தை இசை நிகழ்ச்சிகள் மூலம் எதிர்ப்பது இதன் நோக்கமாக இருந்தது. கறுப்பினத்தவரின் ரெகே இசைக்குழுக்களும் வெள்ளையினத்தவரின் பங்க் இசைக்குழுக்களும் ஒரே மேடையில் பங்குபற்றியமை இதன் சிறப்பு அம்சமாகும்.

பின்னணி

இரண்டாம் உலகப் போரின் பின்னர் கரிபியன் தீவுகள், இந்தியா, பாகிஸ்தான் முதலிய இடங்களில் இருந்து பெருந்தொகையானோர் பிரித்தானியாவில் குடியேறினர். 1968 இல் இனோக் பவல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் குடியேற்றத்துக்கு எதிராக பர்மிங்காமில் ஆற்றிய உரை பெரும் சர்ச்சையை ஏற்படுத்தியது. 1970களில் தேசிய முன்னணி என்ற தீவிர வலதுசாரிக் கட்சி வளர்ச்சி பெற்றது. 1976 சூன் மாதத்தில் இலண்டனின் சவுத்தால் பகுதியில் குர்தீப் சிங் சகர் என்ற 18 வயது மாணவர் குத்திக் கொல்லப்பட்டார்.

தோற்றம்

1976 ஆகத்து 5 அன்று பர்மிங்காமில் நடந்த இசை நிகழ்ச்சியில் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பவலை ஆதரித்தும் குடியேறியோரை இழித்தும் பேசினார். கிளாப்டன் கறுப்பினத்தவரின் புளூசு இசையால் புகழ் பெற்றவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் பாப் மார்லியின் பாடலைப் பாடி அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பெற்றவர். இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டி ஒளிப்படக் கலைஞர் ரெட் சாண்டர்சு, ரோசர் அடில் முதலியோர் இசை இதழ்களுக்குக் கடிதம் எழுதினர். அதற்கு நூற்றுக்கணக்கானோர் ஆதரவு தெரிவித்ததைத் தொடர்ந்து இயக்கம் உருவானது. பிற்காலத்தில், 2018 இல், கிளாப்டன் தமது பேச்சுக்காக வெட்கப்படுவதாகக் கூறினார்.

இசை விழாக்கள்

1978 ஏப்ரல் 30 அன்று டிரபால்கர் சதுக்கத்தில் இருந்து கிழக்கு இலண்டனின் விக்டோரியா பூங்கா வரை ஊர்வலமும், அதன் முடிவில் இசை விழாவும் நடைபெற்றன. தி கிளாசு, இசுடீல் பல்சு, எக்சு-ரே இசுபெக்சு, டாம் ராபின்சன் ஆகிய குழுக்கள் பங்குபற்றின. சுமார் 80,000 முதல் 1,00,000 வரையானோர் கலந்துகொண்டதாக மதிப்பிடப்படுகிறது. அதே ஆண்டு செப்டெம்பர் 24 அன்று தெற்கு இலண்டனில் இரண்டாவது பெருவிழா நடந்தது.

பாடல்களும் அன்றாட இனவாதமும்

இக்காலப் பாடல்கள் பல, இனவாதத்தை ஒரு கட்சியின் கொள்கையாக மட்டுமன்றி நாளாந்த அனுபவமாகவும் காட்டின. 1824 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, குற்றம் புரியும் எண்ணம் உள்ளதாக ஐயுற்றாலே ஒருவரைக் காவல்துறை கைது செய்ய முடிந்தது. இதனால் கறுப்பின இளைஞர்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். யமேக்காவில் பிறந்த கவிஞர் லின்டன் குவெசி சான்சன் 1979 இல் வெளியிட்ட 'சன்னியின் கடிதம்', தம்பி இவ்வாறு பிடிபட்டது பற்றி ஓர் இளைஞன் சிறையில் இருந்து தாய்க்கு எழுதும் கடிதமாக அமைந்தது. இச்சட்டப் பிரிவு 1981 இல் நீக்கப்பட்டது. இசுபெசல் ஏகேஏ குழுவின் 1983 ஆம் ஆண்டுப் பாடல் ஒன்று, இனவாதம் பேசுபவர் நண்பராயினும் உறவினராயினும் அவருடன் உறவைத் துண்டிக்குமாறு கேட்பவரிடம் நேரடியாகக் கூறுகிறது.

விமர்சனங்கள்

விக்டோரியா பூங்கா விழா நடந்து நான்கு நாட்களில், 1978 மே 4 அன்று, கிழக்கு இலண்டனில் அல்தாப் அலி என்ற வங்காளத் தையல் தொழிலாளி கொலை செய்யப்பட்டார். இரண்டாவது விழா நடந்த அதே நாளில் தேசிய முன்னணி கிழக்கு இலண்டனில் ஊர்வலம் நடத்தியது. அதை எதிர்கொள்ள வேண்டியவர்கள் விழாவில் இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. மேடைகளில் ஆசியக் கலைஞர்கள் அரிதாகவே இடம்பெற்றனர் என்பதும் ஒரு விமர்சனமாகும்.

தாக்கம்

1979 பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி 303 தொகுதிகளில் போட்டியிட்டு ஒன்றிலும் வெற்றி பெறவில்லை. இதற்கு வேறு அரசியற் காரணங்களும் உண்டு. எனினும் இளைஞர்களிடையே அக்கட்சியின் செல்வாக்கைக் குறைத்ததில் இவ்வியக்கத்துக்கும் பங்குண்டு எனக் கருதப்படுகிறது. 1979 இல் கோவென்ட்ரி நகரில் தொடங்கிய டூ டோன் இசைத்தட்டு நிறுவனத்தின் பல குழுக்களில் கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் ஒன்றாகவே இசைத்தனர். 1981 இல் லீட்சு நகரில் இவ்வியக்கத்தின் இறுதிப் பெருவிழா நடைபெற்றது. இதன் வழியில் 2002 இல் 'இசையை நேசி, இனவாதத்தை வெறு' என்னும் பொருள்படும் பெயரில் மற்றோர் இயக்கம் தொடங்கப்பட்டது.