காங்கேசன்துறைக்கு வந்த கப்பல்

உடுவிலிலிருந்து வடக்கே பத்துக் கிலோமீற்றர் அளவு சென்றால் காங்கேசன்துறைக் கடல். மருதனார்மடச் சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்லும் எம் தோட்டக்காரருக்கும் அக்கடலில் நங்கூரமிடும் கப்பலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வரலாறு அத்தொடர்பைக் காட்டும்.

1819 இல் பொஸ்ரன் நகரிற் கப்பலேறி வந்த அமெரிக்க மிஷனரிமாருள் ஒருவரான ஹரியற் வின்ஸ்லோ அம்மையார், 1824 இல் உடுவிலிற் பெண்களுக்கு விடுதிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். அவர்தம் நோக்கம் சமயப் பரப்பே என்பது உண்மை. ஆயினும் வந்தவர்கள் இங்கு வாழ்ந்தார்கள். எம் மொழியைக் கற்றார்கள். எழுத்தறியாதிருந்த பெண்களின் கையில் ஏடு சேர்ந்தது.

எம்மவரும் கடலோடினர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளோடு அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறையை அடைந்தது. அதைச் சமைத்த கையும் செலுத்திய கையும் எம் கரையின் கைகளே.

2023 ஜூனில் மூன்றாவது வகைக் கப்பலொன்று வந்தது. சென்னையிற் புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல், அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்குப் பயணிகளைக் கொண்டுவந்தது. 1990 இற் கட்டப்பட்ட அக்கப்பல் ஏறத்தாழ 1,800 பேரைச் சுமக்கவல்லது. வரவேற்போம், ஆனால், கணக்கும் பார்ப்போம்.

உல்லாசக் கப்பல் ஓர் ஊரையே தன்னுள் சுமந்து வருவது. உறக்கமும் உணவும் களியாட்டும் அதனுள்ளேயே விலைப்படுகின்றன. பயணி கரையில் நிற்பது சில மணி நேரம். எம் விடுதியில் அவன் தங்குவதில்லை. எம் சந்தையில் அரிசி வாங்குவதுமில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து 150 பேரளவு ஏறத்தக்க பயணிகள் கப்பலும் ஓடத் தொடங்கியது. அதில் வருபவர் தங்குவர், கடையில் உண்பர், உறவினரைத் தேடிச் செல்வர். சிறிய கப்பலின் பயன் ஊருக்குள் இறங்குகிறது. பெரிய கப்பலின் பயன் பெரும்பாலும் கப்பலோடேயே திரும்பிவிடுகிறது.

கழிவோ திரும்புவதில்லை. கரையிலிருந்து 12 கடல்மைலுக்கு அப்பால், சில நிபந்தனைகளோடு, சுத்திகரிக்காத மலக்கழிவையும் கடலில் விடச் சர்வதேச விதி இடமளிக்கிறது. வலை வீசுபவனுக்கு அதுவும் தொழில் செய்யும் கடலே. செல்வம் மிகுந்த வெனிஸ் நகரமே தாங்கமாட்டாமல், 2021 ஆகஸ்டிலிருந்து பெருங்கப்பல்கள் நகரின் நடுவே செல்வது தடுக்கப்பட்டது.

இத்துறையின் வரலாற்றில் ஆறாத புண்ணொன்றும் உண்டு. 1990 இற் போர் காரணமாகக் காங்கேசன்துறை, மயிலிட்டி முதலிய வலிகாமம் வடக்கு ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்தம் நிலம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. எமக்கு அண்மையிலுள்ள சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் முகாம்களிற் பலர் பல்லாண்டு காலம் வாழ்ந்தனர். 2009 இற் போர் முடிந்தபின் நிலம் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டது. எனினும் எல்லாருக்கும் தத்தம் வளவு மீண்டுவிடவில்லை. வந்த விருந்தினர் ஒருநாட் பொழுதில் இறங்கிச் சென்ற துறையில், பிறந்தவர் முப்பது ஆண்டுகள் கால்வைக்கக் காத்திருந்தனர். இம்முரணை மறந்து வரவேற்புத் தோரணம் கட்டுதல் அறமாகாது.

ஆதலின் கப்பலைத் தடுப்பதன்று நம் கோரிக்கை. துறைமுகத் திட்டத்தைத் தீர்மானிக்கும் அவையிற் கடற்றொழிலாளருக்கு இடம் வேண்டும். கப்பலின் சமையலறைக்கு எம் தோட்டத்து விளைபொருள் செல்லவேண்டும். இறங்கும் ஒவ்வொரு பயணியின் பேரிலும் பிரதேச சபைக்கு ஒரு பங்கு சேரவேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, நிலத்துக்குரியவனிடம் நிலம் சேரவேண்டும்.

துறையின் பெருமை வந்த கப்பலின் உயரத்தில் இல்லை. அது சென்றபின் கரையில் எஞ்சியது என்ன என்பதே கேள்வி.