புளூ பாயின் முப்பது ஆண்டுகள்

2018 ஆகஸ்ட் 17, வெள்ளிக்கிழமை இரவு. கோலாலம்பூரின் ‘புளூ பாய்’ கேளிக்கை மையத்துக்குள் காவல்துறையினரும் சமய இலாகா அதிகாரிகளும் மாநகர் மன்றத்தாரும் சோதனைக்கு நுழைந்தார்கள். 20 ஆண்கள் பிடிபட்டார்கள். ஆலோசனை பெற வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவிடப்பட்டது. எல்ஜிபிடி (தன்பாலின ஈர்ப்பாளர், திருநர்) கலாசாரம் சமூகத்தில் பரவுவதை இத்தகைய நடவடிக்கை குறைக்கும் என்று அன்றைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் காலிட் சமாட் அறிக்கை விட்டார்.

அப்போதே புளூ பாய்க்கு ஏறக்குறைய 30 வயது. தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களும் திருநங்கைகளும் வந்துபோகும் இடம் என்பது ஊரறிந்த செய்தி. பெண் வேடமிட்ட ஆண்கள் பாடலுக்கு வாயசைத்து ஆடும் மேடைதான் அதன் பெயரைப் பரப்பியது. ஒரு தலைமுறை அங்கே நண்பர்களைத் தேடிக்கொண்டது.

அந்த இடத்தின் அருமை, பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு எளிதில் புரியும். அங்கே தமிழ்த் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் ஒட்டி ஒட்டி நின்றன. பக்கத்து வீட்டு இருமல்கூட இந்தப் பக்கம் கேட்கும். கோயில், கள்ளுக்கடை, பள்ளி என்று கூடுமிடங்கள் மூன்றே. அந்த மூன்றிலும் எல்லோரும் எல்லோருக்கும் உறவு. மற்ற ஆண்களைப் போல இல்லாத ஒரு பையன் தன் மனத்தில் இருப்பதை யாரிடம் சொல்வான்? பால்மரங்கள் சாய்ந்து செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தபோது தோட்டத்துப் பிள்ளைகள் வேலை தேடி நகரங்களுக்குப் பெயர்ந்தார்கள். அப்போதெல்லாம் ஈப்போ மேடான் கோப்பெங்கில் பேருந்து ஏறினால் கோலாலம்பூரின் புடுராயா நிலையத்தில் இறங்க முடிந்தது. கேளிக்கைப் பகுதியான புக்கிட் பிந்தாங்கின் விளக்குகள் அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

இத்தகைய இடங்களை மேல்நாட்டு இறக்குமதி என்று சொல்வோர் உண்டு. ஆனால் கப்பலேறி வந்தது சட்டம். 1860-இல் பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தில், ‘இயற்கைக்கு மாறான’ உறவைத் தண்டிக்கும் 377-ஆம் பிரிவு, 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களின் சட்டத்தில் இடம்பிடித்து, பிறகு மலாய் மாநிலங்களுக்குள்ளும் நுழைந்தது. பேராக் 1874-இல் பங்கோர் ஒப்பந்தத்தின் வழியாக பிரிட்டிஷ் ரெசிடென்டை ஏற்றது. 1877-இல் அங்குள்ள கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அந்த மரத்தைச் சீவத் தமிழர்களை அழைத்து வந்த ஆட்சியே இந்தச் சட்டத்தையும் கொண்டுவந்தது. மலேசியா 1989-இல் திருத்தி அமைத்த 377ஏ, 377பி பிரிவுகளின்படி இன்றும் 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். முஸ்லிம்களுக்கு ஷரியா சட்டமும் தனியே உண்டு.

சட்டம் இப்படியிருக்க, உதவிக்கு வந்தவர்களும் இருந்தார்கள். எய்ட்ஸ் பீதி பரவிய 1987-இல் கோலாலம்பூரில் ‘பிங்க் டிரையாங்கிள்’ அமைப்பு தொடங்கியது. பெயர் சொல்லத் தேவையில்லாமல் தொலைபேசியில் ஆலோசனை கேட்க முடிந்தது. பின்னாளில் இதுவே பி.டி. அறவாரியம் ஆயிற்று. புளூ பாய் மதுக்கூடத்து மேசையும் இந்தத் தொலைபேசியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்து, ஒரே மக்களுக்குத் துணை நின்றன.

சோதனை என்பது கோலாலம்பூருக்கு மட்டும் உரியதல்ல. 1969 ஜூனில் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுவிடுதியில் நடந்த சோதனை தெருக்கலவரமாக வெடித்து, உலகெங்கும் ஓர் இயக்கத்துக்கு வேகம் கொடுத்தது. 1993 மே மாதம் சிங்கப்பூரின் ‘ராஸ்கல்ஸ்’ டிஸ்கோவில் அடையாள அட்டை இல்லாதவர்களைக் காவலர்கள் அழைத்துச் சென்றபோது, வழக்கறிஞர் உட்பட அங்கிருந்த சிலர் கையெழுத்திட்டுக் கண்டனக் கடிதம் அனுப்பினார்கள். காவல்துறை வருத்தம் தெரிவித்தது. 2022-இல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் தன் 377ஏ பிரிவையே நீக்கியது.

இந்தியாவோ அதற்கும் முந்திக்கொண்டது. புளூ பாய் சோதனைக்குச் சரியாக 20 நாள் கழித்து, 2018 செப்டம்பர் 6 அன்று, மனமொத்த வயதுவந்தோரின் தன்பாலின உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டம் புறப்பட்ட இடத்திலேயே அதன் கூர் மழுங்கியது. போய்ச் சேர்ந்த மலேசியாவில் இன்னும் நிற்கிறது.

எண்பதுகளின் இறுதியில் புளூ பாய் மேடைக்கு முன்னால் நின்ற இளைஞர்களுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தோட்டத்து வாழ்வையும் கங்காணிகளையும் வேலைநிறுத்தங்களையும் வாய்மொழியாகக் கேட்டுப் பதிவு செய்யும் மலேசியத் தமிழர்கள், பெயரை மறைத்தாவது, இவர்களின் நினைவுகளையும் கேட்டு எழுதிவைக்க வேண்டும். கேட்பதற்கு ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.