தேக்காவைப் பதிவுசெய்த இரு கருவிகள்: கேனன் 300டியும் நைக்கான் டி70யும்



வரலாற்றுச் சான்றுகள் எவை என்று வகுப்பில் வினவினால் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, நாணயம் என மாணவர்கள் வரிசைப்படுத்துவர். அவ்வரிசையில் ஒளிப்படத்தைச் சேர்ப்போர் சிலரே. அதனை எடுத்த கருவியை நினைப்போர் மிகச் சிலர். சிராங்கூன் சாலையும் அதனைச் சூழ்ந்த தெருக்களும் 2003-ஆம் ஆண்டையொட்டிப் பெருமாற்றம் கண்டன. ஏறத்தாழ அதே காலத்தில், நடுத்தரக் குடும்பத்தினரும் எண்ணிப்பார்க்கக்கூடிய விலையில் இரு மின்னிலக்கப் படக்கருவிகள் விற்பனைக்கு வந்தன. ஒன்று கேனன் 300டி. மற்றொன்று நைக்கான் டி70. அவ்விரண்டையும் ஒப்பிட்டு, அவற்றால் எடுத்த படங்கள் வரலாறாக நிலைக்க நாம் செய்யவேண்டியது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிங்கப்பூரில் ஒளிப்படக்கலையின் தொடக்கம் மிகப் பழையது. 1843-இல் டுட்ரோன்குவா என்னும் விடுதி உரிமையாளர், உலோகத் தகட்டில் உருவப்படம் எடுத்துத் தருவதாக இங்குள்ள செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். 1844-இல் பிரெஞ்சுச் சுங்க அதிகாரியான ஜூல் இட்டியே எடுத்த படங்களே இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய சிங்கப்பூர்ப் படங்கள். 1867-இல் ஜெர்மானியரான லாம்பர்ட் இங்குத் தம் நிலையத்தைத் தொடங்கினார். அந்நூற்றாண்டுப் படங்களிலும் பின்னர் வந்த அஞ்சலட்டைகளிலும் நம் முன்னோரைக் காண்கிறோம்: மாட்டுவண்டி ஓட்டியவர், பால் விற்றவர், மூக்குத்தி அணிந்த பெண்மணி. ஆயின் பெரும்பாலான படங்களின்கீழ் அவர்தம் பெயர் இல்லை. 'கிளிங்' என்ற, இன்று இழிசொல்லாகக் கருதப்படும் இனப்பெயர் மட்டுமே உண்டு. முகம் தெளிவாக இருக்கிறது. ஆள் யாரென்று தெரியவில்லை. இந்த இழப்பை மனத்தில் கொண்டே மின்னிலக்கக் காலத்திற்கு வருவோம்.

எஸ்.எல்.ஆர். எனப்படும் கருவியில், லென்ஸ் வழியே வரும் ஒளியை ஓர் ஆடி மேல்நோக்கித் திருப்பிக் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அழுத்தியதும் ஆடி விலகும்; ஒளி படச்சுருளின்மேல் விழும். படச்சுருள் இருந்த இடத்தில் ஒளியுணரியை வைத்ததே மின்னிலக்க எஸ்.எல்.ஆர். இவ்வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது 1991-இல் கோடாக் நிறுவனம் வெளியிட்ட டி.சி.எஸ். நைக்கான் எஃப்3 கருவியின் உடலில் 1.3 மெகாபிக்சல் உணரியைப் பொருத்தியிருந்தனர். படங்களைச் சேமிக்கும் தனிப்பெட்டியைத் தோளில் சுமக்கவேண்டும். 1999-இல் நைக்கான் டி1, 2000-இல் கேனன் டி30 ஆகியன வந்தன. எனினும் இவை செய்தியாளர்க்கும் தொழில்முறைக் கலைஞர்க்கும் உரியனவாகவே இருந்தன.

2003 ஆகஸ்ட் மாதத்தில் அறிவிக்கப்பட்ட கேனன் 300டி அந்த நிலையை மாற்றிற்று. லென்ஸ் நீங்கலாக அதன் அறிமுக விலை 899 அமெரிக்க டாலர், 18-55 மி.மீ. லென்ஸுடன் 999 டாலர். வெள்ளிநிறப் பிளாஸ்டிக் உடல். உள்ளே 6.3 மெகாபிக்சல் கொண்ட சீமாஸ் வகை உணரி. அதனினும் விலைகூடிய கேனன் 10டியிலும் அதே உணரிதான் இருந்தது. விலையைக் குறைத்த நிறுவனம், 10டியில் இருந்த சில வசதிகளை இதில் வழங்கவில்லை. அவற்றுட் சில மென்பொருளால் மட்டுமே மறைக்கப்பட்டிருந்ததைக் கண்டறிந்த பயனர்கள் தாமே திறந்துகொண்டனர்.

2004 ஜனவரியில் நைக்கான் டி70 அறிவிக்கப்பட்டது. உடல் மட்டும் 999 டாலர், 18-70 மி.மீ. லென்ஸுடன் 1,299 டாலர். இதன் உணரி 6.1 மெகாபிக்சல் கொண்ட சி.சி.டி. வகை. 300டியின் படம் 3072 × 2048 புள்ளிகள்; டி70யின் படம் 3008 × 2000 புள்ளிகள். தாளில் அச்சிட்டால் இரண்டுமே ஏறத்தாழ ஏ4 அளவுக்குத் தெளிவாக வரும். ஆதலின் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு இவற்றுள் உயர்வு தாழ்வு கூறுதல் பொருந்தாது.

வேறுபாடு வேகத்தில் வெளிப்பட்டது. விசையைத் திருப்பியதும் டி70 உடனே படமெடுக்க ஆயத்தமாகும். 300டி விழித்தெழ ஏறக்குறைய 3 நொடி ஆகும். 300டி நொடிக்கு 2.5 படம் வீதம் 4 படங்களை எடுத்தபின் சற்றே நின்று மூச்சு வாங்கும். டி70 நொடிக்கு 3 படம் வீதம், ஜேபெக் முறையில் நெடுநேரம் தொடர்ந்து எடுக்கவல்லது.

இவ்வேறுபாட்டின் பொருளை உணரத் தைப்பூசத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நம் நாட்டில் இல்லை. காவடிகள் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு, டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலை அடைகின்றன. நள்ளிரவையொட்டித் தொடங்கும் இவ்வூர்வலம் மறுநாள் பகல் முழுதும் நீளும். நண்பகல் வெயிலில் காவடியின் நிழல் ஏந்துபவர் முகத்தில் கருமையாக விழும். அந்நிழலை நீக்க ஃபிளாஷ் வேண்டும். ஆடிவரும் காவடி கலங்காமல் பதிய விரைவான ஷட்டரும் வேண்டும். ஃபிளாஷுடன் இணைந்து இயங்கும் ஷட்டரின் உச்ச வேகம் 300டியில் 1/200 நொடி; டி70யில் 1/500 நொடி. எனவே பகற்பொழுது டி70க்கு உரியது. இரவிலோ நிலைமை மாறும். ஒளி குறைந்த இடத்தில் உணர்திறனை ஐ.எஸ்.ஓ. 1600 வரை இரு கருவிகளிலும் உயர்த்தலாம். அவ்வாறு உயர்த்துகையில் 300டியின் படத்தில் புள்ளிக்கறைகள் குறைவு. தீபாவளிக்கால ஒளியலங்காரத்தைக் கையில் பிடித்தபடி எடுக்க 300டியே ஏற்றது. டி70யின் உணர்திறன் 200-இல் தொடங்குகிறது. 300டியில் 100 உண்டு என்பதையும் குறிப்பிடவேண்டும்.

தேக்கா நிலையத்தின் மேல்மாடிச் சேலைக்கடைகள் மற்றொரு சோதனைக்களம். டி70யில் உணரியின் முன்னுள்ள மென்மையாக்கும் வடிகட்டி வலுக்குறைந்தது. அதனால் நுண்விவரம் கூர்மையாகப் பதியும். ஆனால் நெருக்கமான நெசவுள்ள துணியின்மேல், உண்மையில் இல்லாத அலையலையான பொய்க்கோலமும் தோன்றக்கூடும். 300டியின் படம் சற்றே மென்மையானது. இத்தொல்லை அதில் குறைவு. ஒரு படத்தைச் சான்றாகக் கொள்ளுமுன், அதை எடுத்த கருவியின் இயல்பையும் அறியவேண்டும் என்பதற்கு இதுவே தக்க சான்று. கல்வெட்டைப் படிப்பவர் கல்லின் சிதைவையும் எழுத்தையும் பிரித்தறிவது போன்றதே இது.

இக்கருவிகள் புழங்கிய ஆண்டுகளில் வட்டாரம் எவ்வாறு இருந்தது? 1989-இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டதால் கடைவீடுகளின் முகப்புகள் நிலைத்தன. ஆயினும் அவற்றைச் சூழ்ந்த வாழ்க்கை மாறிக்கொண்டேயிருந்தது. 2003 ஜூன் 20 அன்று வடகிழக்கு ரயில் பாதையுடன் லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் நிலையங்கள் திறக்கப்பட்டன. அவ்வாண்டு திறக்கப்பட்ட தேக்கா மால், பின்னர் 'தி வெர்ஜ்' எனப் பெயர் மாறி, 2017-இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. 1982-இல் கட்டப்பட்ட தேக்கா நிலையம் 2008-இல் புதுப்பிப்புக்காக மூடப்பட்டு மறு ஆண்டு திறந்தது. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் 2015-இல் எழுந்தது. பழைய சந்தையின் கடைவரிசை, இடிந்துபோன கட்டடத்தின் வாசல், அவ்விடம் இல்லாத மரபுடைமை நிலையம் ஆகியவற்றைக் காட்டும் படங்கள் பல இல்லங்களின் பழைய வட்டுகளிலும் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டைகளிலும் இருக்கக்கூடும். அவற்றுள் தமிழ் வகுப்பின் பொங்கல் விழாவும் தாத்தா பாட்டியின் முகமும் அடங்கும்.

இங்குதான் இரு கருவிகளும் ஒன்றாகின்றன. கேனன் தன் கோப்புக்கு 'ஐ.எம்.ஜி.' என்றும், நைக்கான் 'டி.எஸ்.சி.' என்றும் முன்னொட்டு இட்டு, நான்கிலக்க எண் தரும். 9999 முடிந்ததும் எண் மீண்டும் தொடக்கத்திற்குத் திரும்பும். ஒரே பெயருள்ள இரு கோப்புகளை ஒரே இடத்தில் கவனமின்றிப் படியெடுத்தால் முன்னது அழியும். எடுத்த நாளும் நேரமும் கோப்பினுள் பதியும் என்பது உண்மையே. ஆனால் கருவியின் கடிகாரம் பிழையாயின் அந்தப் பிழையே சான்றாகிவிடும். எந்த நாளில் எடுத்தது என்பதைக் கூறவல்ல இக்கருவிகள், படத்தில் இருப்பவர் யார் என்பதைக் கூறவல்லன அல்ல. லாம்பர்ட் காலத்தில் 'கிளிங்' என்ற சொல் பெயரை மறைத்தது. நம் காலத்தில் ஓர் எண் மறைக்கிறது. அன்று பெயரை எழுதாமல் விட்டவர் அயலார். இன்று விடுபவர் நாமே.

ஆகவே பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் சில பரிந்துரைகள்:

1. பழைய வட்டு, அட்டை ஆகியவற்றிலுள்ள படங்களை இவ்வாண்டே புதிய சேமிப்பகங்கள் இரண்டிற்குப் படியெடுங்கள். வட்டுகள் காலப்போக்கில் பழுதாகும். அவற்றைப் படிக்கும் கருவியோ புதிய கணினிகள் பலவற்றில் இல்லை.

2. கேனன், நைக்கான் நிறுவனங்களுக்கே உரிய மூலக்கோப்புகள் இருப்பின், அவற்றோடு ஜேபெக் படியையும் உருவாக்கி வையுங்கள்.

3. ஒவ்வொரு படத்திற்கும் யார், எங்கே, எப்போது, என்ன நிகழ்ச்சி என நான்கு விடைகளைத் தமிழில் எழுதுங்கள். முதியோர் நம்முடன் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

4. பள்ளிப் படங்களைப் பெயருடன் வெளியிடுமுன் உரியவர் இசைவைப் பெறுங்கள்.

மூன்றாவது பணி மாணவர்க்கு நல்ல கட்டுரைப் பயிற்சியும் ஆகும். ஒரு குடும்பப்படத்தைக் கொடுத்து, வீட்டுப் பெரியோரிடம் கேட்டு ஐந்து வரி எழுதிவரச் சொல்லலாம். தேசிய ஆவணக் காப்பகம் 2015-இல் தொடங்கிய குடிமக்கள் ஆவணத் திட்டமும் பொதுமக்களிடம் இத்தகைய உதவியையே நாடியது: விவரமற்ற பழைய படங்களுக்கு விவரம் எழுதுதல்.

கேனனா நைக்கானா என்னும் வழக்கு ஒருகாலத்தில் சூடாக நடந்தது. பகலில் டி70யும் இரவில் 300டியும் சிறந்தன என்பதே என் தீர்ப்பு. இன்று சாதாரணக் கைப்பேசியும் அவ்விரண்டினும் மிகுதியான புள்ளிகளைப் பதிவு செய்கிறது. கருவியின் பெருமை பத்தாண்டுகூட நிற்பதில்லை. படத்தின்கீழ் எழுதப்பட்ட ஒரு பெயரோ, அக்குழந்தையின் பேரப்பிள்ளைகளுக்கும் பயன்படும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்