பிரிவை ஆடிக் கடப்பது: டாங்கோவும் பதமும்

பெர்லினில் வேலை பார்த்தபோது எனக்கு ஒரு நீண்ட உறவு முறிந்தது. விவரம் இங்கே தேவையில்லை. மாலை நேரங்களை எப்படியாவது கழிக்க வேண்டுமே என்று ஒரு டாங்கோ வகுப்பில் சேர்ந்தேன். எட்டு மாசத்தில் ஓரளவு மனுஷியானேன். அது எப்படி நடந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் குறிப்பு.

டாங்கோ 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புவனோஸ் ஐரிஸ், மான்டிவிடியோ துறைமுகங்களின் ஏழைக் குடியிருப்புகளில் உருவானது. ஊரை விட்டு வந்த ஐரோப்பியக் கூலிகள், ஆப்பிரிக்க வம்சத்தவர், உள்நாட்டு மாட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வளர்த்த ஆட்டம். கௌரவமான குடும்பங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டன. 1913 வாக்கில் பாரிஸ் அதைத் தலையில் தூக்கி வைத்த பிறகுதான் சொந்த ஊரின் பணக்கார வீடுகளில் கதவு திறந்தது. 1917ல் கார்லோஸ் கார்டெல் 'மி நோச்சே திரிஸ்தே' என்ற பாட்டைப் பாடினார். 'என் சோக இரவு' என்று பொருள். காதலி விட்டுப்போனவனின் புலம்பல். அதன்பின் டாங்கோப் பாட்டு என்றாலே பிரிவு என்றாகிவிட்டது.

ஆனால் என்னைத் தேற்றியது பாட்டு அல்ல, ஆட்டத்தின் ஏற்பாடு. மூன்று நான்கு பாட்டுகள் சேர்ந்தது ஒரு 'தண்டா'. பத்துப் பன்னிரண்டு நிமிஷம் முன்பின் தெரியாத ஒருவரை அணைத்தபடி, அவர் மூச்சைக் கவனித்து நடக்க வேண்டும். தண்டா முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டுப் பிரிந்து, அவரவர் நாற்காலிக்குப் போய்விட வேண்டும். ஒரு ராத்திரியில் பத்து முறை சேர்ந்து, பத்து முறை பிரிகிறோம். பிரிவதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்குமா?

விடுமுறையில் மந்தைவெளி வந்தபோது அத்தையிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் காபியை ஆற்றியபடியே, "ஏண்டி, இதுக்கு ஜெர்மனி வரைக்கும் போகணுமா? நம்ம கபாலி கோயில்ல ஆடினவா எல்லாம் அதைத்தானே ஆடினா!" என்றார்.

அத்தை சொன்னது பதத்தை. 17ஆம் நூற்றாண்டில் க்ஷேத்ரய்யா தெலுங்கில் எழுதிய பதங்கள் இதில் உச்சம். வராத காதலனைப் பற்றி நாயகி தோழியிடம் சொல்வாள். பாடகர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, ஆடுபவர் அதே வரியை ஒருமுறை கோபமாக, ஒருமுறை வெட்கமாக, ஒருமுறை குத்தலாகக் காட்டுவார். துக்கம் மாறுவதில்லை, அதைப் பார்க்கும் கோணம்தான் மாறுகிறது. நானும் ராத்திரி முழுக்க ஒரே வரியைத்தான் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரே கோணத்தில்!

அத்தை வீட்டிலிருந்து ஆர்.கே. மடம் சாலை வழியே நடந்தால் கபாலி கோயில் குளம். அந்தக் கோயிலின் கடைசித் தேவதாசிகளில் ஒருவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள். பாலசரஸ்வதியும் ருக்மிணி தேவியும் அபிநயம் கற்றது அவரிடம். 1947ல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. ஆனால் கோயில் ஆட்டத்தையே வாழ்க்கையாகக் கொண்ட கௌரி அம்மாளுக்கு அது என்ன மிச்சம் வைத்தது? வறுமையில் வாழ்ந்து 1971ல் இறந்தார். அதற்குள் அவருடைய கலை சபா மேடைகளில் கௌரவமாகிவிட்டிருந்தது. டாங்கோ கதை மாதிரியே, ஆட்டத்தை உள்ளே கூப்பிட்டார்கள். ஆடியவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அவருடைய இன்னொரு மாணவி கலாநிதி நாராயணன், 1928ல் பிறந்தவர். பிராமணக் குடும்பத்துப் பெண்கள் ஆட வந்த முதல் தலைமுறை. கல்யாணத்தோடு ஆட்டம் நின்றது. ஏறக்குறைய 30 வருஷம் கழித்து, 1973ல், ஒய்.ஜி. துரைசாமி வற்புறுத்தியதால் அபிநயம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். தன் கையசைவை நகலெடுக்க வைக்காமல், வரியை மாணவியே யோசித்து விரிக்கப் பழக்கினார். 1985ல் பத்மபூஷண்.

அவரிடம் வந்தவர்களில் ஒருவர் புரோதிமா பேடி. பம்பாய் மாடல் உலகில் பரபரப்பான பெயர். கபீர் பேடியுடனான மணவாழ்க்கை உடைந்த காலத்தில், 1975ல், தற்செயலாக ஒடிசி நடனம் ஒன்றைப் பார்த்தார். கட்டாக்கில் கேளுசரண் மகாபாத்ராவிடம் போய் அடிப்படையிலிருந்து கற்றார், அபிநயத்துக்குச் சென்னை வந்தார். 1990ல் பெங்களூருக்கு அருகே நிருத்யகிராமம் என்ற நடன கிராமத்தையே நிறுவினார்.

யோசித்தால், கௌரி அம்மாள் தன் இழப்பை எந்தத் தோழியிடம் சொல்லியிருப்பார்? சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான். அதிலிருந்து கலாநிதி, கலாநிதியிடமிருந்து எத்தனையோ பெண்கள். என்னைத் தேற்றியது டாங்கோதான், மறுக்கவில்லை. ஆனால் இப்போது ஊருக்கு வந்தால் சாயங்காலம் குளத்தங்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.