கணினிகள் மூட்டை கட்டிய கதை



சம்பளம் பேங்கில் ஏறிவிட்டதா என்று கைப்பேசியில் தட்டிப் பார்க்கிறீர்கள். எங்கோ இருக்கும் பெரிய கணினியிலிருந்து உங்கள் பெயர், தேதி, தொகை எல்லாம் நொடியில் கைக்கு வந்துவிடுகின்றன. அவை எப்படிப் பயணம் செய்கின்றன என்று யோசித்ததுண்டா?

பலகை வீட்டை இடம் மாற்றுவதென்றால் வீட்டை அப்படியே லோரியில் ஏற்ற முடியுமா? பலகை பலகையாகக் கழற்றி, எண் போட்டு, போன இடத்தில் அந்த எண்படியே மறுபடி அடிக்க வேண்டும். கணினியும் அதைத்தான் செய்கிறது. நினைவகத்தில் அங்கும் இங்குமாய்க் கிடக்கும் விவரங்களை 0, 1 என்ற இரண்டே எண்களால் ஆன ஒரே வரிசையாக்கி அனுப்புகிறது. வாங்கும் கணினி திரும்பக் கட்டிக்கொள்கிறது. தச்சு வேலை தெரிந்த அப்பாக்கள் இதைப் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள். ஆனால் கழற்றியவரும் கட்டுபவரும் எண் போடும் முறையில் ஒத்துப்போக வேண்டுமே! அங்கேதான் வந்தது சண்டை.

கணினியின் ஓர் அறைக்குப் பைட் என்று பெயர். அதில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். ஆகவே 1000 என்ற எண்ணுக்கு இரண்டு அறை வேண்டும். ஒன்றில் 3, மற்றதில் 232. மூன்று 256-ம் 232-ம் சேர்ந்தால் 1000. 1964-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 360 பெரிய பங்கான 3-ஐ முன்னால் வைத்தது. 1970-இல் வந்த பி.டி.பி.-11, 1978-இல் வந்த இண்டெல் 8086 ஆகியவை சிறிய பங்கை முன்னால் வைத்தன. அனுப்புபவர் ஒரு கட்சி, வாங்குபவர் மறு கட்சி என்றால் என்ன ஆகும்? 1000 வெள்ளி 59,395 வெள்ளியாகிவிடும்! மாணவர்களே, பென்சிலை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள்.

1980-இல் டேனி கோஹன் என்ற கணினி அறிஞர் இந்தச் சண்டையைக் கேலி செய்து ஒரு கட்டுரை எழுதினார். ஜொனத்தன் ஸ்விஃப்ட் 1726-இல் வெளியிட்ட கலிவர் கதையில், முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சின்ன முனையில் உடைப்பதா என்று அடித்துக்கொள்வார்கள் அல்லவா? அந்தப் பெயர்களையே இந்த இரண்டு கட்சிக்கும் சூட்டினார். இன்றும் அதுவே வழக்கு. எதுவானாலும் சரி, ஒன்றாகப் போங்கள் என்பதே அவர் வேண்டுகோள். 1987-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்.டி.ஆர். விதியில் பெரிய முனைக் கட்சி வென்றது.

இணையம் பரவிய பின், எல்லாவற்றையும் எழுத்தாகவே எழுதி அனுப்பும் முறைகள் வந்தன. 1998-இல் எக்ஸ்.எம்.எல்., பின்னர் ஜேசன். மனிதர் படிக்கலாம், நல்லதுதான். ஆனால் மூட்டை பெருத்துப் போகும். ஒவ்வோர் ஆளுக்கும் 'பெயர்', 'தொகை' என்று தலைப்பு திரும்பத் திரும்ப வரும். நம் மொழிக்குக் கனம் இன்னும் அதிகம். 'தமிழ்' என்ற சொல்லே யூ.டி.எஃப்.-8 முறையில் 15 அறைகளைப் பிடிக்கிறது. 2008-இல் கூகல் வெளியிட்ட புரோட்டோகால் பஃபர்ஸ் முறையோ தலைப்பை விட்டுவிட்டு எண்ணை மட்டும் அனுப்புகிறது. 1 என்றால் பெயர், 2 என்றால் தொகை என்று இரு பக்கமும் முன்பே பேசி வைத்திருக்கும். கிராணியார் ஆள் நம்பரைப் போட்டுக் கணக்கை முடித்த மாதிரிதான்.

ஆபத்து வேறு பக்கம் இருந்தது. 1997-இல் ஜாவா மொழியில் ஒரு வசதி சேர்ந்தது: உள்ளே என்னென்ன கட்ட வேண்டும் என்ற சீட்டையும் மூட்டையே கொண்டுவரும். வாங்கும் கணினி கேள்வி கேட்காமல் கட்டும். வேலை சுலபந்தான். ஆனால் திருடன் தன் சீட்டை வைத்து அனுப்பினால்? கதவைத் திறந்துவிடும் ஆளையும் வீட்டுக்காரரே கட்டிக் கொடுத்த கதையாகிவிடும். இப்படி ஒரு மூட்டையால் பேங்கு, கடை நடத்தும் கணினிகளையே பிறர் ஆட்டிவைக்கலாம் என்பதை 2015-இல் ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். மைக்ரோசாப்ட் நிறுவனத்திடமும் பைனரிஃபார்மேட்டர் என்று இதே போன்ற கருவி ஒன்று இருந்தது. பல ஆண்டுகள் எச்சரித்துப் பார்த்துவிட்டு, 2024 நவம்பரில் வந்த டாட்நெட் 9-இல் அதை வேலை செய்யாதபடி எடுத்தே விட்டார்கள்.