ஏடேறாத பச்சிலை



நினைவுச் சொற்பொழிவு என்றதும் புகழ்பெற்ற ஒருவரைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் என் அம்மாச்சியிடமிருந்து தொடங்குகிறேன். முதுகுளத்தூர்ப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டி, கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர் அவர். அரிவாள் பட்டு ரத்தம் கசிந்தால் வரப்போரம் குனிந்து ஒரு செடியைப் பறிப்பார். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, சாற்றைக் காயத்தில் பிழிவார். நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ. ஓரத்தில் வெள்ளை, நடுவில் மஞ்சள். வெட்டுக்காயப் பூண்டு என்பார். மூக்குத்திப்பூ என்றும் அதற்குப் பெயர் உண்டு.

அதே கைதான் ஊருக்குப் பிள்ளைப்பேறும் பார்த்தது. பெரிய வீடுகளுக்குக் கொல்லை வழியாகப் போவார். தொப்புள்கொடி அறுத்து, தாயையும் பிள்ளையையும் தேற்றிவிட்டு, வெளியே நின்று முந்தியில் நெல் வாங்கி வருவார். அந்த வீட்டுப் பிள்ளையை முதலில் தொட்ட கை, அந்த வீட்டுச் செம்பைத் தொடக்கூடாது. அந்தக் கைக்குத் தெரிந்ததை அறிவு என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஏன் என்பதுதான் இன்றைய என் கேள்வி.

முதலில் அந்தச் செடியின் கதையைப் பாருங்கள். தாவரவியலில் அதன் பெயர் டிரைடாக்ஸ் புரோகம்பன்ஸ். தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. ஐரோப்பியர் கடல்வழி கண்ட பிறகு இங்கே வந்து, களையாகப் பரவியது. ஆகவே பழைய சித்தர் எவரும் முனிவர் எவரும் இதன் குணத்தைச் சொல்லியிருக்க முடியாது. புதிதாக முளைத்த களையைக் காயத்தில் வைத்துப் பார்த்து, பலன் கண்டு, 'வெட்டுக்காயப் பூண்டு' என்று பெயரும் வைத்தவர்கள் யார்? வெட்டுக்காயம் யாருக்கு அன்றாடமோ அவர்களாகத்தான் இருக்க வேண்டும். களை பறித்தவர்கள், கதிர் அறுத்தவர்கள், மாடு மேய்த்தவர்கள். பின்னாளில் இந்திய ஆய்வாளர்கள் இதன் சாற்றை எலிகளின் காயங்களில் சோதித்தார்கள். தோலின் கொலாஜன் இழைகளைப் பிணைத்து உறுதியாக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதியின் செயல் கூடுவதைக் கண்டார்கள். வரப்போரத்துச் சோதனை முந்தியது; ஆய்வகம் பின்னால் வந்தது.

சரி, இப்படிப்பட்ட அறிவுக்குச் சட்டத்தின் முன் என்ன மதிப்பு? மஞ்சள் வழக்கு அதைக் காட்டும். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995 மார்ச்சில் அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. எண் 5,401,504. பெற்றது மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம். கண்டுபிடித்தவர்களாகப் பதிவானவர்கள் இந்திய வம்சாவளியினர் இருவர். இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் 1996-இல் இதை எதிர்த்தது. 1997-இல் காப்புரிமை ரத்தானது. நாடே கொண்டாடியது, அது நியாயம்தான். ஆனால் எந்தச் சான்றால் வென்றோம்? 32 எழுத்துச் சான்றுகளால். சமஸ்கிருத நூல்கள், உருது, இந்திப் பனுவல்கள், இந்திய மருத்துவ சங்கத்தின் இதழில் 1953-இல் வந்த ஒரு கட்டுரை. முழங்கால் சிராய்த்த பிள்ளைக்கு மஞ்சள் பற்றுப் போட்ட கோடிக்கணக்கான தாய்மார்களின் கை சான்றாகச் செல்லாது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வேறொரு நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது என்பது மட்டும் போதாது; அச்சில் இருக்க வேண்டும்.

அந்த விதி அமெரிக்காவுடையது. ஆனால் எழுத்துக்கு மட்டுமே மதிப்புத் தரும் வழக்கம் நமக்கு அங்கிருந்து வந்ததல்ல. சென்னை மாகாண அரசு 1921-இல் உள்நாட்டு மருத்துவ முறைகளை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைத்தது. எழுத்துவழிச் சாட்சியங்களைத் திரட்டி 1923-இல் அக்குழு அறிக்கை தந்தது. தொடர்ந்து சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. காலனிய அலட்சியத்துக்கு எதிராக அது பெரிய வெற்றி. ஆனால் எழுதத் தெரிந்த வைத்தியர் சாட்சி சொன்னார். எழுதவிடாமல் வைக்கப்பட்ட மருத்துவச்சி எப்படிச் சொல்லியிருப்பார்? 'மருத்துவர்' என்பதையே சாதிப்பெயராகச் சுமந்து, ரணம் அறுத்துக் கட்டுப்போட்ட முடிதிருத்தும் சமூகத்தின் கதையும் இதுதான்.

நம்மிடம் ஏடே இல்லை என்று யாரும் முடிவுகட்டவும் வேண்டாம். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் தொழிலால் சித்த மருத்துவர். சிறுவயதில் கால் முடங்கிய தமக்கு மருத்துவம் பார்த்தவர் அவரே என்று திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தம் பாட்டனார் கந்தப்பன் கொடுத்த ஏட்டிலிருந்துதான் திருக்குறள் எல்லிஸ் துரையிடம் சேர்ந்தது என்பதை அயோத்திதாசரே பதிவு செய்தார். நம்மவரிடம் ஏடும் இருந்தது, கைமருந்தும் இருந்தது. ஏட்டுக்கும் கைக்கும் மதிப்பு வழங்கும் இடத்தில்தான் நாம் இல்லை.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். இராமேஸ்வரம் பகுதியின் கடையர் மக்கள் சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுட்டவர்கள், முத்துக்குளித்தவர்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட சாதிகள் பற்றிய தொகுதிகளில் அவர்களுக்கு ஒரு சிறு குறிப்புத் தந்தார். அவர்கள் பெயருக்குக் 'கடைசி, தாழ்ந்தோர்' என்று பொருள் எழுதினார். பாரும் சிப்பியும் கிழித்த காலுக்கு அவர்கள் என்ன வைத்துக் கட்டினார்கள் என்பதற்கு அந்தக் குறிப்பில் இடமில்லை.

அதே மணலில் அடும்பு படர்கிறது. குதிரைக்குளம்பு போன்ற இலை, ஊதாப்பூ. சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்துக்கு அடையாளமாகப் பாடிய கொடி. கவிதையில் அழகாக ஏறிவிட்டது. அதன் இலையை வதக்கி மூட்டு வீக்கத்துக்குக் கட்டுவதும், சொறி பட்டு எரியும் தோலில் சாறு தேய்ப்பதும் மீனவர் கைமருந்து. தாய்லாந்திலும் இதே வழக்கம் உண்டு. அங்கிருந்து தொடங்கிய ஆய்வுகள், சொறியின் நஞ்சை அடும்பின் சாறு தணிப்பதாக 1990களில் ஆய்விதழ்களில் வெளிவந்தன.

இப்போது சட்டத்துக்குத் திரும்புவோம். பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், 2002, பயனில் பங்கு தர வேண்டும் என்றது. மன்னார் வளைகுடாவில் வளர்த்த கடற்பாசியை ஏற்றுமதி செய்த பெப்சிகோ நிறுவனம் தேசியப் பல்லுயிர் ஆணையத்துக்கு 30 லட்சம் ரூபாய்க்கு மேல் செலுத்தியது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு நம் கரையிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. ஆனால் 2023-ஆம் ஆண்டுத் திருத்தம், 'நூலில் தொகுக்கப்பட்ட மரபறிவை'ப் பயன்படுத்துவோருக்குப் பங்கு தருவதிலிருந்து விலக்களித்தது. எது அந்த நூல்? மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டம், 1940, தன் முதல் அட்டவணையில் பட்டியலிட்ட நூல்கள்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நூலில் ஏறாத அறிவு என்றால், உன்னுடையது என்பதற்குச் சான்று இல்லை. நூலில் ஏறிய அறிவு என்றால், உனக்குப் பங்கு இல்லை. எந்தப் பக்கம் விழுந்தாலும் அம்மாச்சியின் முந்திக்கு அந்த ஒரு படி நெல்லும் வராது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பச்சிலைப் பெருமை பேசி நம் மக்களை மருத்துவமனையிலிருந்து விலக்கிவைப்பதற்கு நான் உடன்படமாட்டேன். எலியிடம் பலித்தது எல்லாம் மனிதரிடம் நிரூபணமாகிவிடாது. முள் ஆழமாக ஏறினால் மண்ணிலிருந்து வரும் ரணஜன்னிக்குத் தடுப்பூசிதான் காப்பு, இலை அல்ல. இந்த மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022-இல்தான். அதுவரை நம் பாட்டிமார் பச்சிலையைப் பறித்ததற்குப் பாதிக் காரணம் அறிவு. மீதிக் காரணம், வேறு வழி இல்லாமை. அறிவுக்கு மரியாதையும் கேட்போம், வேறு வழியையும் கேட்போம். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க யாரையும் விடவேண்டாம்.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் சேரியும் மீனவர் குடியிருப்பும் இருக்கிறதா? குழுவில் நம் பெண்கள் இருக்கிறார்களா? இல்லையென்றால் கிராமசபையில் எழுந்து கேளுங்கள். பதிவு செய்யும்போது செடியின் பெயரோடு நிறுத்தாதீர்கள். சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரை எழுதுங்கள், சம்மதிக்காததை எழுதாதீர்கள். எதை வெளியிடலாம், எதை ஊருக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்வது அவர்கள் உரிமை.

என் அம்மாச்சி ஊரில் பாதிப் பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தவர். அவர் பெயர் இருக்கும் காகிதம் எங்கள் வீட்டில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அதில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லைத் திருத்தி எழுதும் வேலையைத்தான் உங்களிடம் தருகிறேன்.

ஜெய்பீம்.