சூப்பர்சார்ஜர் பொறியைச் சீரமைத்தல்

சூப்பர்சார்ஜர் (மிகையூட்டி) பொருத்தப்பட்ட பெட்ரோல் பொறியைச் சீரமைத்தல் என்பது, பொறியின் ஒவ்வொரு வேகத்திற்கும் சுமைக்கும் ஏற்ப எரிபொருளின் அளவையும் தீமூட்டல் நேரத்தையும் வரையறுக்கும் பணியாகும். இவ்விரண்டில் ஒன்று பிழைத்தாலும் பிஸ்டன் சில நொடிகளிலேயே உடையவோ உருகவோ கூடும்.

பின்னணி

சூப்பர்சார்ஜர் என்பது பொறியின் சுழற்சியாலேயே இயக்கப்பட்டு, காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் செலுத்தும் கருவி ஆகும். அமெரிக்காவைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860 இல் காப்புரிமை பெற்ற காற்றூதியின் அமைப்பே பிற்காலத்தில் இதற்கும் பயன்பட்டது. மெர்சிடிஸ் நிறுவனம் 1921 இல் பெர்லின் கண்காட்சியில் சூப்பர்சார்ஜர் கொண்ட மகிழுந்துகளைக் காட்சிப்படுத்தியது.

அழுத்தமும் வெப்பமும்

காற்றை அழுத்தும்போது அது சூடாகிறது. 27 °செ வெப்பநிலையிலுள்ள காற்றை, 65 விழுக்காடு திறனுடைய சூப்பர்சார்ஜர் 0.5 பார் மிகையழுத்தத்திற்கு உயர்த்தினால், வெப்பநிலை ஏறத்தாழ 84 °செ ஆகும். அழுத்தம் ஒன்றரை மடங்கானாலும் காற்றின் அடர்த்தி 26 விழுக்காடு மட்டுமே கூடுகிறது. இடைக்குளிர்விப்பான் மூலம் அக்காற்றை 45 °செ அளவிற்குக் குளிர்வித்தால், அழுத்த இழப்பு நீங்கலாக, அடர்த்தி ஏறத்தாழ 41 விழுக்காடு கூடும்.

எரிபொருள்

பெட்ரோல் முழுமையாக எரிய, நிறை அடிப்படையில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு எரிபொருள் தேவை. 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இவ்விகிதம் ஏறத்தாழ 14.1 ஆகும். மிதமான சுமையில் இவ்விகிதத்தையே பின்பற்றலாம். முழுச்சுமையில் பெட்ரோலுக்கு 11.5 முதல் 12 வரையிலான செறிந்த கலவை பொதுவாகக் கையாளப்படுகிறது. கூடுதல் எரிபொருள் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிர்விப்பதே இதன் காரணம்.

எரிபொருள் குழாயின் அழுத்தமும் மிகையழுத்தத்திற்கு இணையாக உயரவேண்டும். குழாயில் 3 பார் அழுத்தம் மாறாமல் இருக்க, உள்ளிழுகுழாயில் 0.5 பார் மிகையழுத்தம் எதிர்த்தால், இன்ஜெக்டர் வழிப் பாய்வு ஏறத்தாழ 9 விழுக்காடு குறையும். அதிக எரிபொருள் தேவைப்படும் நேரத்திலேயே இக்குறைவு நேர்வதால் கலவை வறிதாகிறது.

தீமூட்டல் நேரம்

கலவை எரிந்து முடியச் சிறிது நேரம் ஆவதால், பிஸ்டன் உச்சியை அடையும் முன்னரே தீப்பொறி இடப்படுகிறது. உச்சியைக் கடந்து ஏறத்தாழ 15 பாகையில் சிலிண்டர் அழுத்தம் பெருமத்தை எட்டுவது நன்று. அடர்த்தி மிகுந்த கலவை விரைவாக எரிவதால் அதற்குக் குறைந்த முன்னேற்றமே போதும். தீப்பொறி மிக முந்தினால், சுடர் சென்றடையாத கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானே பற்றிக்கொள்கிறது. இதுவே தட்டல் எனப்படுகிறது. மிகையழுத்தத்தின் ஒவ்வொரு 0.07 பாருக்கும் 1 பாகை பின்தள்ளுவது தொடக்க அளவாகக் கொள்ளப்படும் நடைமுறை விதியாகும்.

அதே வேளை, அளவுக்கு மீறிப் பின்தள்ளுதலும் பாதுகாப்பன்று. எரிதல் தாமதமாவதால் வெளியேறும் வளிமத்தின் வெப்பம் உயர்ந்து, வெளியேற்று வால்வும் வினையூக்கி மாற்றியும் பழுதாகும்.

எடுத்துக்காட்டு

டொயோட்டா நிறுவனம் 1986 இல் எம்ஆர்2 மகிழுந்தில் 1.6 லிட்டர் 4ஏ-ஜிஇசட்இ பொறியை அறிமுகப்படுத்தியது. இதில் ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜரும் இடைக்குளிர்விப்பானும் இருந்தன. தட்டலைத் தவிர்க்க, சூப்பர்சார்ஜர் அற்ற 4ஏ-ஜிஇ பொறியின் 9.4 என்ற அமுக்க விகிதம் இதில் 8.0 ஆகக் குறைக்கப்பட்டது. குறைந்த சுமையில் மின்காந்தக் கிளட்ச் சூப்பர்சார்ஜரைப் பொறியிலிருந்து விடுவித்தது.

சீரமைக்கும் முறை

இப்பணி டைனமோமீட்டரில் செய்யப்படுவது சிறந்தது. பொதுச் சாலையில் முழுச்சுமையில் சோதிப்பது மற்றவர்களுக்கும் ஆபத்தானது. வழக்கமான வரிசை பின்வருமாறு:

1. அகலப்பட்டை ஆக்சிசன் உணரியும் தட்டலைக் கண்டறியும் கருவியும் பொருத்தப்படும்.
2. செறிந்த கலவை, பின்தள்ளிய தீமூட்டல், குறைந்த மிகையழுத்தம் ஆகியவற்றுடன் சோதனை தொடங்கும்.
3. முதலில் கலவை சரிசெய்யப்படும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் பெரிய இன்ஜெக்டர் தேவை.
4. பின்னர் தீமூட்டல் ஒவ்வொரு பாகையாக முன்னேற்றப்படும். முறுக்குவிசை உயர்வது நின்றால் அதற்கு மேல் முன்னேற்றுவதில்லை.
5. அதற்கு முன்பே தட்டல் தோன்றினால், உடனே சுமை நீக்கப்பட்டு, தீமூட்டல் சில பாகை பின்தள்ளப்படும்.

குளிர்ந்த நாளில் சரியாக அமைந்த அளவு கோடை வெப்பத்தில் தட்டலை உண்டாக்கலாம். ஆகவே உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலைக்கேற்பத் தீமூட்டலைப் பின்தள்ளும் திருத்தமும் கட்டுப்பாட்டுக் கணினியில் இடம்பெற வேண்டும்.